விசிலாரின் ஆறு மில்லிமீட்டர்

வாஷ்பேசினில் ரத்தம்.

பல் தேய்த்துத் துப்பிய நுரையோடு கலந்து, இளஞ்சிவப்பாக, ஓட்டையை நோக்கி அவசரமில்லாமல் வழுக்கிக்கொண்டிருந்தது. மனைவி குழாயைத் திறக்கவில்லை. தடயத்தை அழிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. கண்ணாடிக்குக் கீழே நின்ற பிரஷை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். நார்கள் நாலா பக்கமும் விரிந்து, அடி வாங்கிய முள்ளம்பன்றி மாதிரி இருந்தது.

"என்னங்க, கொஞ்சம் இங்க வந்துட்டுப் போங்க."

குற்றவாளி டவலோடு வந்தார்.

"இது யார் ரத்தம்?"

"பேஸ்ட்டே அந்தக் கலர்தான்."

"பேஸ்ட் வெள்ளை."

"அப்ப பிரஷ் குத்தியிருக்கும்."

"போன வாரம் தலையணை உறையில இருந்துச்சே, அங்கயும் பிரஷ் வந்து குத்திச்சா?"

குற்றவாளி டவலால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒப்புதல் வாக்குமூலத்துக்கு அது போதும்.

அவரை எல்லோரும் விசிலார் என்பார்கள். தகடு வெட்டும் பட்டறையில் லேசர் மெஷின் ஓட்டுகிறார். கதவளவு இரும்புத் தகட்டை அட்டைபோல நறுக்கித் தள்ளும் மெஷின் அது. தகட்டைத் தூக்கி வந்து மேடையில் இறக்குவது கிரேன். கிரேனின் கூண்டுக்குள், கூரைக்குக் கொஞ்சம் கீழே, உட்கார்ந்திருப்பவன் மனைவியின் தம்பி. கீழே கிரைண்டரும் கம்ப்ரஸரும் போடுகிற சத்தத்தில் வாக்கி டாக்கி வெறும் விளையாட்டுச் சாமான். விசில் ஒன்றுதான் கூண்டு வரை போய்ச் சேரும், விசிலாருக்கு அதற்குப் பிளாஸ்டிக் விசில்கூட வேண்டாம். நாக்கு நுனியைக் கீழ் முன்பற்களில் முட்டுக் கொடுத்து அவர் ஊதினால் கூரைப் புறாக்கள் இடம் மாறும்.

பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. தகடு அந்தரத்தில் தொங்கும்போது 'நிறுத்து' என்று யார் வேண்டுமானாலும் கை காட்டலாம். ஆனால் தூக்கு, இறக்கு, நகர்த்து எல்லாம் ஒரே ஆளின் சிக்னலுக்குத்தான். வேறு யார் ஊதினாலும் கிரேன் அசையாது. அந்த ஒரே ஆள் விசிலார். இந்தப் பதவிக்குச் சம்பளத்தில் ஒரு காசு கூடுதல் கிடையாது. மரியாதை உண்டு. விசிலாருக்கு அது போதுமாக இருந்தது.

அதே விசில்தான் வீட்டுக்கும். குடியிருப்பு மூன்றாவது மாடி. வாசல் கேட்டின் காலிங்பெல் செத்து நாளாயிற்று. சாயங்காலம் கேட்டுக்கு வெளியே நின்று ஒரு நீளம், இரண்டு குட்டை, கடைசியில் பன்றி வால் மாதிரி ஒரு சுழிப்பு. மேலே இருந்து துணிப்பையில் சாவி விழும். கல்யாணமான புதிதில் கண்டுபிடித்த சுழிப்பு அது. மச்சான் இன்றுவரை அதை வைத்துக் கிண்டல் செய்கிறான்.

ரத்தம் பிடிபட்ட அன்று சாயங்காலம் சாவி விழவில்லை. விசிலார் திரும்பத் திரும்ப ஊதினார். எதிர்வீட்டுப் பூனை மட்டும் அனுதாபத்தோடு எட்டிப் பார்த்தது. கடைசியில் மனைவி பால்கனிக்கு ஓடி வந்தாள்.

"நீங்கதானா? உஸ்ஸுன்னு சத்தம் கேட்டுச்சு. கேஸ் கசியுதுன்னு ஜன்னலை எல்லாம் திறந்து வச்சுட்டு உக்காந்திருக்கேன்!"

அதற்கடுத்த நாள் அவர் பல் டாக்டரின் நாற்காலியில் இருந்தார். மார்பில் பேப்பர் ஏப்ரன், கழுத்தில் சங்கிலி கிளிப், வாயில் குழாய்.

டாக்டர் ஒல்லியான பெண்மணி. கையில் கோடு போட்ட மெல்லிய கம்பி. அதை ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் இறக்கி எடுத்து, கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்ற நர்ஸிடம் எண்களைச் சொல்லிக்கொண்டே போனார்.

"மூணு. ரெண்டு. மூணு. அஞ்சு. ஆறு. ஆறு."

"ஆ?" என்றார் விசிலார், வாயை மூட முடியாமல்.

டாக்டர் கம்பியை எடுத்தார். "பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல பை மாதிரி ஒரு இடைவெளி இருக்கும். மூணு மில்லிமீட்டர் வரைக்கும் கவலை இல்ல. உங்க கீழ் முன்பல்லுல ஆறு நிக்குது. அதுக்குள்ள அழுக்கும் கிருமியும் குடித்தனம் பண்ணுது. பல்லைத் தாங்கற எலும்பையும் மெல்ல மெல்ல அரிக்குது."

"ஆறு மில்லிமீட்டரா! அரை மில்லி தப்பினாலே நாங்க தகட்டைத் தூக்கிப் போட்டுருவோம் டாக்டர்."

"நான் பல்லைத் தூக்கிப் போடாம இருக்கப் பார்க்கறேன்."

மனைவி குறுக்கே வந்தாள். "அப்படியே விட்டா?"

"ஆடும். அப்புறம் விழும்."

விசிலாரின் குரல் இறங்கிவிட்டது. "விழுந்தா... விசில்?"

"பல் கட்டிக்கலாம். விசிலுக்கு நான் கேரண்டி தர முடியாது."

விசிலார் நாக்கு நுனியால் கீழ்ப்பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க. எலும்பு இன்னும் மிச்சம் இருக்கு. முதல்ல பல்லுல படிஞ்சிருக்கற காரையை வேர் வரைக்கும் சுரண்டிச் சுத்தம் பண்ணுவோம். அப்புறம் அந்தப் பைக்குள்ள லேசர்..."

வாக்கியம் முடியவில்லை. நாற்காலி காலியாக இருந்தது.

மனைவி துரத்திப் பிடித்தபோது அவர் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார். மார்பில் பேப்பர் ஏப்ரன். கழுத்தில் சங்கிலி. பக்கத்தில் நின்ற பள்ளிப் பெண்கள் ரொம்ப நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார்கள்.

"லேசர்னா என்னன்னு உனக்குத் தெரியாது," என்றார் அவர். "எனக்குத் தெரியும். தினமும் பார்க்கறேன். தகடு ஓட்டை விழும். பொறி பறக்கும். அதை வாய்க்குள்ள விடறதாம்!"

"உங்க மெஷினும் கரண்ட்லதான் ஓடுது, நம்ம வீட்டு டியூப்லைட்டும் கரண்ட்லதான் எரியுது. டியூப்லைட்டைப் பார்த்து ஓடறீங்களா?"

"அது வேற."

"இதுவும் வேறயா இருக்கலாம்ல?"

"உனக்குத் தெரியாது."

"ஆமா, எனக்கு எதுவும் தெரியாது. முதல்ல அந்த ஏப்ரனைக் கழட்டுங்க. சாப்பாட்டுக்குக் காத்திருக்கற குழந்தை மாதிரி இருக்கீங்க."

விஷயம் கேன்டீன் வரை போயிற்று. கொண்டுபோனவன் மச்சான்தான்.

"மாமா, நம்ம மெஷின் கண்ணாடியை எப்படித் துடைப்பீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான்.

"பஞ்சுக்குச்சியில ஸ்பிரிட் தொட்டு. ஒரே பக்கமா. அழுத்தவே கூடாது. தூசி ஒண்ணு இருந்தாலும் கண்ணாடி வெடிச்சிரும்."

"வேற யாரையாவது தொட விடுவீங்களா?"

"கையை உடைப்பேன்."

"பார்த்தீங்களா? மெஷினோட வாய்க்குப் பஞ்சுக்குச்சி. சொந்த வாய்க்குக் கக்கூஸ் பிரஷ்!"

கேன்டீன் சிரித்தது. விசிலாரும் சிரித்தார். சிரித்தபோது கீழ்ப்பல் ஒன்று லேசாக அசைந்தது. அது அவருக்கு மட்டும் தெரிந்தது. சிரிப்பைப் பாதியில் மடித்து வைத்துக்கொண்டார்.

மத்தியானம் அது நடந்தது.

தகடு ஒன்று மேடைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. 'இறக்கு' என்று ஊத வேண்டும். விசிலார் நாக்கை முட்டுக் கொடுத்தார். பல் பின்வாங்கியது. காற்று வந்தது. சத்தம் வரவில்லை. மறுபடியும். உஸ். மேலே மச்சான் கூண்டிலிருந்து கழுத்தை நீட்டினான். சிக்னல் இல்லாமல் கை வைக்க மாட்டான், அது சட்டம். தகடு அந்தரத்தில் மெதுவாக ஆடியது. கீழே எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். பட்டறை ஃபோர்மேன் கூண்டுக்குத் தெரியும் இடத்துக்கு ஓடி வந்து, சட்டத்தை அன்றைக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, இரண்டு கைகளையும் வீசி, சைகை காட்டி, ஒருவழியாக இறக்க வைத்தார்.

தகடு மேடையில் உட்கார்ந்ததும் ஃபோர்மேன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"உடம்பைக் கவனிங்க," என்றார். "அது வரைக்கும் சிக்னலை ஃபோர்க்லிஃப்ட்காரர் பார்த்துக்கட்டும். உங்களுக்குச் சரியாகலைன்னா அவரே பார்த்துக்கட்டும்."

சுமை தூக்கும் வண்டி ஓட்டுகிற அந்த ஃபோர்க்லிஃப்ட்காரர் அதற்குள் ஒரு பிளாஸ்டிக் விசிலைக் கழுத்தில் மாட்டியிருந்தார். பச்சைக் கயிறு.

வீட்டுக்குப் போனதும் விசிலார் சொன்னார்: "லேசருக்கு ஒத்துக்கறேன். ஆனா மூணு கண்டிஷன்."

"சொல்லுங்க மகாராஜா."

"பவர் எவ்வளவுன்னு எனக்குத் தெரியணும். கண்ணுக்குப் பட்டறையில போடற என் கண்ணாடியைத்தான் போட்டுக்குவேன். முதல்ல சாம்பிள். கழிவுத் துண்டுல சுட்டுப் பார்க்காம நாங்க நல்ல தகட்டுல கை வைக்கறதே இல்ல."

"கழிவுத் துண்டுக்கு எங்க போறது? என் தம்பியைக் கூட்டிட்டுப் போலாமா?"

டாக்டர் அந்த மூன்று நிபந்தனைகளையும் முகம் மாறாமல் கேட்டார். கதவைச் சாத்தினார். கதவுக்கு வெளியே லேசர் எச்சரிக்கைப் பலகையைத் தொங்கவிட்டார். விசிலார் அதைக் கவனித்தார். அவர்கள் பட்டறையிலும் இதே மஞ்சள் முக்கோணம்தான்.

"பவர் ஒண்ணரை வாட்டுக்குள்ள."

"ஒண்ணரை ஆயிரமா?"

"ஒண்ணரை."

விசிலார் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "எங்க மெஷின் ஆறாயிரம் வாட்! ஒண்ணரையில என்ன டாக்டர் ஆகும்? எங்க மெஷின்ல எரியற பச்சை லைட்டுக்கே அதைவிட ஜாஸ்தி வேணும்."

"பாருங்க டாக்டர்," என்றாள் மனைவி. "நேத்து வரைக்கும் எரிஞ்சிரும்னு பயம். இன்னிக்கு எரியாதுன்னு குறை."

"உங்க ஈறு இரும்பு இல்லையே," என்றார் டாக்டர். "சரி, உங்க கண்ணாடியைக் குடுங்க."

பட்டறையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடியை வாங்கி, விளிம்பில் அச்சிட்டிருந்த எண்ணைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது உங்க மெஷினோட ஒளியைத் தடுக்கும். என் மெஷினோட ஒளி வேற அலைநீளம். இதைப் போட்டுக்கிட்டா போடாத மாதிரிதான்."

தன் மெஷினுக்கான கண்ணாடியைத் தானும் போட்டுக்கொண்டார், நர்ஸுக்கும் போட்டார், விசிலாருக்கும் ஒன்றைக் கொடுத்தார். மனைவியை வெளியே அனுப்பப் பார்த்தார். அவள் நகரவில்லை என்பதால் அவளுக்கும் ஒன்று கிடைத்தது.

விசிலார் முதல் முறையாக வாயை மூடிக்கொண்டு யோசித்தார். கண்ணாடியின் எண்ணைப் படிக்கிற ஆள். பட்டறையில் புதிதாக வந்த இன்ஜினியர்கள் யாரும் அதைப் படித்து அவர் பார்த்ததில்லை.

டாக்டர் ஒரு பேனா மாதிரி சாமானை எடுத்தார். அதன் நுனியில் மயிரிழை போல ஒரு கண்ணாடி இழை. அதைக் கறுப்புத் தாள் ஒன்றில் தொட்டு, காலால் பெடலை அழுத்தினார். டிக். தாளில் கடுகளவு புள்ளி. நூல் மாதிரி ஒரு புகை.

மனைவி கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டாள், மறுபடியும் ஓடுவாரோ என்று. ஆனால் விசிலாரின் தோள் தளர்ந்திருந்தது. புகையை ஒரு தடவை முகர்ந்தார்.

"சாம்பிள் ஓகே," என்றார்.

"உங்களுக்காகப் பண்ணல. நுனியைத் தயார் பண்ண எல்லாருக்கும் இதேதான் பண்ணுவேன்."

"அதனாலதான் ஓகேன்னு சொன்னேன்."

மரத்துப்போகிற ஊசிதான் அன்றைய நிகழ்ச்சியில் வில்லன். அதற்கு மட்டும் விசிலாரின் கால் கட்டைவிரல்கள் நிமிர்ந்து நின்றன. பிறகு உதடு யாருடையதோ ஆகிவிட்டது. காரை சுரண்டும் கருவி தூரத்தில் யாரோ கிரைண்டர் ஓட்டுவதுபோல இரைந்தது. தண்ணீர் தெறித்தது, குழாய் உறிஞ்சியது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவர் லேசருக்காகக் காத்திருந்தார். டிக் டிக் என்று ஏதோ சின்னச் சத்தம். கொஞ்சம் கதகதப்பு. முடி கருகினால் வருமே, அந்த வாசனை, வந்ததா வரவில்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு.

"எப்ப ஆரம்பிப்பீங்க?" என்றார் இடைவெளியில், குழறலாக.

"இந்தப் பக்கம் முடிஞ்சுது."

கண்ணாடிக்குள் அவர் கண்கள் விரிந்தன. அவமானமாகக் கூட இருந்தது. ஓடுவதற்கு இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாம்.

"லேசர் மந்திரக்கோல் இல்ல," என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே. "முக்கால்வாசி வேலை சுரண்டறதுதான். லேசர் அந்தப் பைக்குள்ள மிச்சம் இருக்கற கிருமியையும் கெட்ட சதையையும் கவனிக்குது. கத்தியும் தையலும் வேண்டாம்னு உங்களுக்கு இதைப் பார்க்கறேன். எல்லாருக்கும் இது தேவைப்படாது, எல்லாருக்கும் ஒரே மாதிரி பலிக்கவும் செய்யாது. அடுத்த வாரம் இன்னொரு பக்கம். இப்ப கேளுங்க. இன்னிக்கு அந்த இடத்துல பிரஷ் வேண்டாம். சூடா, காரமா, மொறுமொறுன்னு எதுவும் வேண்டாம். கொஞ்சம் வலிக்கும், எச்சில்ல கொஞ்சம் சிவப்பு தெரியும், பயப்படாதீங்க. நிக்காம வந்தா மட்டும் உடனே போன் பண்ணுங்க. அப்புறம், நாக்கால முட்டக் கூடாது."

"அப்படின்னா?"

"விசில் கிடையாது. நான் சொல்ற வரைக்கும்."

பட்டறையில் அவர் மௌன விரதம் இருந்தார். மதியம் எல்லோரும் நொறுக்கித் தின்ன, அவர் குழைந்த சோற்றை டப்பாவிலிருந்து ஸ்பூனில் எடுத்தார். வாழைப்பழத்தை மச்சான் தோல் உரித்துக் கொடுத்தான்.

"ஆ காட்டுங்க மாமா, சமர்த்து!"

பதில் சொல்ல வாய் இருந்தது. வலியும் இருந்தது. பெரிதாக இல்லை, யாரோ ஈறைக் கிள்ளிவிட்டு மறந்துபோன மாதிரி. அதைவிடப் பெரிய வலி ஃபோர்க்லிஃப்ட்காரரின் பிளாஸ்டிக் விசில். தேவைக்கு ஊதினார், தேவையில்லாமலும் ஊதினார். ஃபோர்மேன் தலையாட்டி ரசித்தார்.

வீட்டு வாசலில் முதல் நாள் சாயங்காலம் அவர் கேட்டுக்கு வெளியே வெறுமனே நின்றார். கூப்பிடலாம், வாய் வீங்கியிருந்தது. போனை எடுக்கலாம்; அது பையின் அடியில் இருந்தது. தேடிக்கொண்டிருக்கும்போது மேலே இருந்து வந்தது.

ஒரு நீளம். இரண்டு குட்டை. கடைசியில் பன்றி வால்.

அண்ணாந்து பார்த்தார். மனைவி வாயிலிருந்து விரல்களை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள். சாவி விழுந்தது.

"உனக்கு விசில் அடிக்கத் தெரியுமா?" என்றார் மாடி ஏறி வந்ததும்.

"தம்பிக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். நீங்க அடிக்கறீங்களே, பாவம், எதுக்குப் போட்டின்னு விட்டுட்டேன்."

அன்றிலிருந்து தினமும் அவள் ஊதினாள், அவர் வந்தார். எதிர்வீட்டுப் பூனை குழம்பிப் போயிற்று.

இரண்டாம் பக்கமும் முடிந்து, சில வாரங்கள் ஆறவிட்டு, டாக்டர் மறுபடி கோட்டுக் கம்பியை இறக்கினார். "மூணு. ரெண்டு. மூணு. மூணு. மூணு. நாலு."

"அந்த நாலு?"

"அதைக் கண்காணிக்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து சுத்தம் பண்ணிட்டுப் போங்க. இடையில நீங்க ஒழுங்காத் தேய்க்கலைன்னா எந்த லேசரும் காப்பாத்தாது." ஒரு குட்டி பிரஷைக் கொடுத்தார், பாட்டில் கழுவும் பிரஷ் சுருங்கிய மாதிரி. "இது பல் இடுக்குக்கு. வீக்கம் வத்திட்டதால ஈறு கொஞ்சம் இறங்கியிருக்கு. பல் நீளமாத் தெரியும், நடுவுல இடுக்கு தெரியும், ஐஸ் தண்ணி கூசும். அது இயல்புதான்."

"விசில்?"

"அடிங்க."

நாற்காலியிலேயே அடிக்கப் பார்த்தார். மனைவி வாயைப் பொத்தினாள். "வெளியில நாலு பேர் பயந்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. இதையும் கேட்டா எழுந்து ஓடிருவாங்க."

மறுநாள் காலை பட்டறை. ஃபோர்மேன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஃபோர்க்லிஃப்ட்காரர், பச்சைக் கயிறோடு, விசிலைக் கழற்றாமல்.

"ஒரே தகடு," என்றார் ஃபோர்மேன். "ஊதிக் காட்டுங்க. முடிஞ்சா உங்களுக்கு. முடியலைன்னா இவருக்கு. அப்புறம் பேச்சு இல்ல."

தகடு அடுக்கின் மேல் கொக்கிகள் மாட்டித் தயாராக இருந்தது. விசிலார் நாக்கை முட்டுக் கொடுத்தார். பல் அசையவில்லை. பாறை மாதிரி நின்றது. 'தூக்கு' என்று ஊதினார்.

விசில் வந்தது. கணீரென்று வந்தது. ஆனால் அது அவருடைய விசில் இல்லை.

பழைய விசில் தடித்த குரல். இது மெலிந்து, கூர்மையாக, ஓரத்தில் ஒரு சீறலோடு இருந்தது. புதிதாகத் திறந்த பல் இடுக்குகளில் காற்று தன் இஷ்டத்துக்கு வழி கண்டுபிடித்திருந்தது. டாக்டர் இடுக்கு தெரியும் என்றார். கேட்கும் என்று சொல்லவில்லை.

கிரேன் அசையவில்லை.

மறுபடி ஊதினார். கூண்டில் மச்சானின் தலை இப்படியும் அப்படியும் திரும்பியது. தகடு அடுக்குக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் கூண்டிலிருந்து தெரியாது. கிரேன் தூண் மறைக்கும். யாரோ ஊதுகிறார்கள். யார்? தெரியாத ஆளின் சிக்னலுக்கு அவன் கை வைக்க மாட்டான். அவனுக்கு அந்தச் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்ததே விசிலார்தான்.

ஃபோர்மேன் கைக்கட்டைப் பிரித்தார். ஃபோர்க்லிஃப்ட்காரர் பிளாஸ்டிக் விசிலை உதட்டருகே கொண்டுபோனார்.

விசிலார் மூச்சை இழுத்தார்.

ஒரு நீளம். இரண்டு குட்டை. கடைசியில் ஒரு சுழிப்பு.

பட்டறையில் இருந்த யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை. கூண்டில் இருந்தவனுக்குப் புரிந்தது. தலை வெளியே வந்தது, வாய் காது வரை விரிந்திருந்தது. உலகத்தில் அந்தச் சுழிப்பை ஊதுகிறவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருத்தி இந்நேரம் வீட்டில் இருப்பாள்.

விசிலார் இப்போது 'தூக்கு' என்று ஊதினார், அதே புதுக் குரலில். தகடு எழுந்தது. நகர்ந்தது. மேடைக்கு நேராக நின்று, பூப்போல இறங்கியது.

ஃபோர்மேன் ஃபோர்க்லிஃப்ட்காரரின் கழுத்தைப் பார்த்தார். பச்சைக் கயிறு கழன்றது.

"என்ன சிக்னல் அது?" என்று மட்டும் கேட்டார். "நம்ம அட்டவணையில இல்லையே."

"அது குடும்ப விஷயம் சார்."

மேலே இருந்து மச்சான் கத்தினான். யாருக்கும் கேட்கவில்லை. கேட்காததே நல்லது.

சாயங்காலம் விசிலார் கேட்டுக்கு வெளியே நின்று, நெஞ்சை நிமிர்த்தி, புதுக் குரலில் ஊதினார். பால்கனியில் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க நீங்க? அந்த வீட்டுக்காரர் குரல் இப்படி இருக்காதே!"

"ஏய், தூக்கிப் போடு சாவியை!"

"பல்லைக் காட்டுங்க. அடையாளம் பார்க்கணும்."

தெருவில் போகிறவர்கள் பார்க்க, மூன்று மாடிக்குத் தெரியும்படி அவர் ஈயென்று இளித்தார். முழு வரிசையும் இருந்தது.

துணிப்பை விழுந்தது. வழக்கத்தைவிடக் கனமாக இருப்பதாகப் பட்டது. திறந்தார். சாவி இருந்தது. சாவியோடு, அவர் காலையில் குளியலறையில் தொடாமலேயே விட்டுவிட்டுப் போன இடுக்குப் பிரஷும் இருந்தது.

"கேட்டுக்குள்ளயே குழாய் இருக்கு," என்றாள் மேலே இருந்து. "முடிச்சுட்டு மேல வாங்க."